துறைமுக வாசலில் வீட்டுப்பாடம்

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும் என்ர பிள்ளை இன்னொருத்தற்ர மேசையில இருந்து படிக்கமாட்டாள்."

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தப் பிரகடனம் தரம் ஐந்து வகுப்பறையில், பெற்றார் கூட்டத்தின் நடுவே வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் சிவரூபன். சிறுபிள்ளைகளுக்காகச் செய்த கதிரையொன்றில், முழங்கால் நாடியைத் தொட, அதுவரை அடக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தார். பேச எழுந்தபோது கதிரையும் அவரோடு சேர்ந்து எழுந்தது. அதை இடுப்பிலிருந்து பிரித்தெடுத்துக் கீழே வைத்துவிட்டே மேற்படி வசனத்தைச் சொன்னார். கூட்டத்தில் அவரைத் தவிர இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் நித்திரை. மற்றவர் சோடா கொண்டுவந்தவர். மீதி எல்லாம் தாய்மார்.

பிரகடனத்துக்குக் காரணமாக இருந்தது ஒரு நல்ல யோசனை. அன்புவழிபுரத்துத் தாய்மார் சிலர் சேர்ந்து, பின்னேரங்களில் முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் பிள்ளைகளை இருத்தி வீட்டுப்பாடம் செய்விப்பதென்று பேச்சு. யோசனையைக் கொண்டுவந்தவர் சிவரூபனின் ஒழுங்கையிலேயே இருக்கும் றஞ்சினி. நல்ல மனதோடுதான் அவர் சொன்னார்.

"உங்கட யதுவும் வரட்டும் அண்ணா. சோபனா அக்காவும் குவைத்தில. கப்பல் வந்தா நீங்கள் எப்ப வீட்ட வருவியள் எண்டு உங்களுக்கே தெரியாது."

சொன்னது அத்தனையும் உண்மை. அதுவும் தாய்மார் எல்லோருக்கும் முன்னால் சொல்லப்பட்ட உண்மை. இப்படிப்பட்ட உண்மைக்கு ஓர் ஆண்பிள்ளை வேறு எப்படிப் பதில் சொல்வது? சிவரூபன் பிரகடனத்தோடு நிற்காமல் ஒரு விளக்கவுரையும் ஆற்றினார்.

"வீட்டுப்பாடம் எண்டு ஏன் பேர் வைச்சது? வீட்டில செய்யிறதுக்கு. முறை போட்டுச் செய்யிறதுக்கு இதென்ன கோயில் திருவிழாவே?"

தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வகுப்பு ரீச்சர் அடுத்த விடயத்துக்குப் போனார். அடுத்த விடயம் மலசலகூடக் கதவு.

சிவரூபனுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் நாட்டாமை வேலை. கப்பலில் வரும் மூட்டைகளை முதுகில் ஏற்றி லொறியில் சேர்ப்பது தொழில். கப்பல் எந்த நேரத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. குழுத்தலைவர் அருளம்பலம் போனில் குரல் அனுப்புவார்: "வாசலுக்கு வாங்கோ." வராதவனை அடுத்த கப்பலுக்குக் கூப்பிடமாட்டார். கோபத்தினால் அல்ல, அவர் மறந்துவிடுவார். வாசலில் நின்றால் வேலை, நிற்காவிட்டால் இல்லை என்பதே அங்கே எழுதாத சட்டம். கப்பல் பிந்தினாலும் வாசலில் காத்துக் கிடக்கவேண்டும்.

மனைவி சோபனா வீட்டுவேலைக்குக் குவைத் போகும்போது பஸ் நிலையத்தில் வைத்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுவிட்டுப் போனார்: "பிள்ளையை வீட்டில வைச்சுப் படிப்பியுங்கோ. அங்க இங்க விட்டிடாதேங்கோ." சிவரூபன் ஓம் என்றார். அப்படிக் கேட்கவேண்டிய தேவையே இல்லை என்பது போன்ற ஓம் அது.

ஆகவே யதுர்சிகா என்கிற யதுவின் கல்வி, தகப்பனின் நேரடி மேற்பார்வையில் ஆரம்பமாயிற்று. கப்பல் இல்லாத நாட்களில் அவர் சாப்பாட்டு மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து, மகள் எழுதுவதை நீதவான் போலப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாள் மூட்டை சுமந்த உடம்பு. கால்மணித்தியாலத்தில் நீதிமன்றம் ஒத்திவைக்கப்படும்.

"அப்பா, நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ, அது பறவாயில்லை," என்றாள் யது ஒரு நாள். "குறட்டை விடாதேங்கோ. எனக்குப் பெருக்கல் பிழைக்குது."

கப்பல் உள்ள நாட்களில் மேற்பார்வை குவைத்துக்கு மாற்றப்பட்டது. வீட்டில் விட்டுச்செல்லும் பழைய போனைப் பால்மா ரின்னில் சாய்த்து வைத்துவிட்டு, யது தாய்க்கு வீடியோ அழைப்பு எடுப்பாள். அந்த நேரம் சோபனாவுக்கு அங்கே உடுப்பு அயன் பண்ணும் நேரம். போனை அவர் அயன் பலகையின் தலைமாட்டில் நிறுத்திவைப்பார். யதுவுக்குத் தெரிவது குவைத் வீட்டுக் கூரையும் தாயின் நாடியும்தான். ஆனாலும் குரல் தெளிவாகக் கேட்டது.

"வாசி."

"வாசிச்சிட்டன் அம்மா."

"எனக்குக் கேக்கேல்ல. திருப்பி வாசி."

இது நல்ல ஏற்பாடு. சிவரூபன் இதைப்பற்றித் துறைமுக வாசலில் பெருமையாகவும் கதைத்தார்: "என்ர பிள்ளைக்கு வெளிநாட்டு ரியூஷன்." ஒரு நாள் அயன் பலகைக்கு அப்பாலிருந்து அரபியில் ஒரு குரல் வந்தது. படம் கவிழ்ந்து கறுப்பாயிற்று. கறுப்புக்குள்ளிருந்து "சொறி மேடம், சொறி மேடம்" என்று தாயின் குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அதற்குப் பிறகு சோபனாவின் கைக்குப் போன் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கிடைத்தது.

வேலையால் வந்த தகப்பனிடம் யது கேட்டாள்: "அப்பா, அம்மாவுக்கும் ரீச்சர் இருக்கிறாவே?"

சிவரூபன் முகம் கழுவப் போனார். நெடுநேரம் கழுவினார்.

பிறகு ரியூஷன். பாக்கியரத்தினம் சேரின் தகரக் கொட்டகை அந்தப் பகுதியில் புகழ்பெற்றது. பிள்ளைகள் வாங்குகளில் நெருக்கி அடித்திருக்க, சேர் ஒலிவாங்கியில் புலமைப்பரிசில் சோதினைக்குப் படிப்பிப்பார். பின் வாங்குப் பிள்ளைகளுக்குச் சேரைத் தெரியாது, குரலைத்தான் தெரியும். யதுவை அங்கே சேர்த்த முதற் கிழமையிலேயே ஒரு விசித்திரம் நடந்தது. பள்ளிக்கூட வீட்டுப்பாடம் அப்படியே இருக்க, சேர் கொடுத்த வீட்டுப்பாடமும் சேர்ந்து வீட்டுக்கு வந்தது. சிவரூபன் நியாயம் கேட்கப் போனார்.

"சேர், நான் இவளை வீட்டுப்பாடம் செய்யிறதுக்கெண்டு அனுப்பினனான்."

"தம்பி, இங்க படிப்பிக்கிறது. செய்விக்கிறது வீட்டில."

"வீட்டில ஆளில்லை எண்டுதானே சேர் இங்க அனுப்பினது."

"அப்ப வீட்டுக்கு ஒரு ஆளைப் பிடியும்," என்றார் சேர், ஒலிவாங்கியை அணைக்க மறந்து. கொட்டகை முழுக்கச் சிரித்தது. யது சிரிக்கவில்லை. கொப்பியில் எதையோ கவனமாக அழித்துக்கொண்டிருந்தாள்.

சிவரூபன் ஒரு நாள் றஞ்சினி வீட்டுக்கும் போனார். அன்று முறை றஞ்சினியுடையது. விறாந்தையில் பாய் விரித்து, பிள்ளைகள் குனிந்திருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். படலையடியில் நின்ற சிவரூபனைக் கண்டு றஞ்சினி வெளியே வந்தார்.

"என்ன அண்ணா, இந்தப் பக்கம்?"

"சும்மா. உங்கட பைப்பில தண்ணி வருதோ எண்டு கேப்பம் எண்டு வந்தனான்."

"வருது."

"அப்ப சரி."

தண்ணீர் வருவதை உறுதிப்படுத்திக்கொண்டு சிவரூபன் வீடு திரும்பினார். அவருடைய வீட்டுப் பைப்பிலும் அப்போது தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

கடைசியில் வழி துறைமுக வாசலிலேயே கிடைத்தது. வாசலுக்கு எதிரே ஜெஸ்மின் அக்காவின் தேத்தண்ணிக் கடை. கப்பலுக்குக் காத்துக் கிடக்கும் குழு அங்கேதான் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் யது ஓட்டோவில் அங்கே வந்து இறங்கினாள். மூலை மேசை அவளுக்கு. இது இன்னொருத்தருடைய மேசை ஆகாதா என்றொரு சட்டச்சிக்கல் எழுந்தது. எழுப்பியவரும் சிவரூபன், தீர்த்தவரும் சிவரூபன். தேத்தண்ணிக்குக் காசு கொடுத்தால் குடித்து முடியும்வரை அது நம்முடைய மேசை. யது மிக மெதுவாகத் தேத்தண்ணி குடிக்கும் பிள்ளை.

அந்தக் காலம்தான் சிவரூபனின் கல்விப் பணியில் பொற்காலம். கப்பலுக்குள் இறங்கினாலும் அவருக்கு மனம் ஆறுதல். மகள் ஜெஸ்மின் அக்காவின் கண்ணுக்கு முன்னால் இருக்கிறாள். அன்று வேலைக்குக் கூப்பிடாத மாமாமார் சுற்றிவர இருக்கிறார்கள். கிண்ணியாவிலிருந்து மூட்டை தூக்க வரும் ஜவ்பருக்குக் கையெழுத்து அழகு. தமிழ் அவருடைய பொறுப்பு. அருளம்பலத்துக்குச் சூழல் பாடம், அவர் பத்திரிகை வாசிக்கிறவர் என்பதனால். கணக்கு எல்லோருக்கும் பொது. அதுதான் வினையாக முடிந்தது.

கேள்வி இதுதான்: ஒரு மூட்டையில் ஐம்பது கிலோ சீமெந்து உண்டு. எட்டு மூட்டைகளில் எவ்வளவு சீமெந்து உண்டு?

"நானூறு," என்றாள் யது, எழுதுவதற்குப் பென்சிலைத் தூக்கியபடி.

"நில்லு புள்ள," என்றார் ஜவ்பர். "எட்டு மூட்டையில ஒண்டு கட்டாயம் கிழியும்."

"தூக்கிற வலையை ஒழுங்காப் போட்டா கிழியாது," என்றார் அருளம்பலம்.

"எந்தக் கப்பல்ல அண்ணே ஒழுங்காப் போட்டவங்கள்?"

"சரி, கிழியுது எண்டு வையன். எவ்வளவு கொட்டும்?"

"அது தூக்கிறவனைப் பொறுத்தது. சிவா தூக்கினா பாதி."

"உன்ர முதுகில கொட்டினதை விடவே?" என்றார் சிவரூபன்.

"கொட்டினதைப் பற்றிக் கேள்வியில ஒண்டும் இல்லையே மாமா," என்றாள் யது.

"கேள்வி எழுதினவர் கப்பலைக் கண்டிருக்கமாட்டார் மகள். அவரில பிழையில்லை," என்றார் அருளம்பலம்.

நீண்ட விவாதத்தின் பின், சபை ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தது. யது அதைத் தன் வட்டமான எழுத்தில் எழுதிக்கொண்டாள்: 'கொட்டினது போக முந்நூற்றுத் தொண்ணூறு கிலோ.'

மறுநாள் வகுப்பில் ரீச்சர் அந்தக் கொப்பியை நெடுநேரம் பார்த்தார்.

"இது ஆர் சொல்லித் தந்தது?"

யது எழுந்து நின்றாள். சொல்லித்தர ஆளில்லாத பிள்ளை என்று இனி ஒருவரும் சொல்லமுடியாது என்கிற பெருமை அவளுக்கு.

"துறைமுக வாசல் தேத்தண்ணிக் கடையில இருக்கிற மாமாமார், மிஸ்."

"எத்தினை மாமாமார்?"

"அது கப்பலைப் பொறுத்தது, மிஸ்."

ரீச்சரைக் குறை சொல்ல ஏலாது. ஒரு பெண்பிள்ளை இப்படிச் சொன்னால் ரீச்சர் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குப் பயிற்சிப் பட்டறையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைச் செய்தார்.

அடுத்த கிழமை, சிறுவர் விடயங்களைப் பார்க்கும் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் ஸ்கூட்டரில் சிவரூபனின் வீட்டுக்கு வந்தார். இளம் பெண். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கொடுத்த தண்ணீரை முழுதாகக் குடித்தார். மரியாதையான மனுஷி.

"பத்து வயசுப் பொம்பிளைப் பிள்ளை, ஐயா. ஆம்பிளையள் கூடுற இடம்."

"அவங்கள் ஒருத்தரும் அப்பிடிப்பட்ட ஆக்கள் இல்லை, மிஸ்."

"எனக்கு அது தெரியுது. ஆனா அப்பிடி எழுத ஏலாது."

சிவரூபன் சுவரைப் பார்த்தார்.

"அம்மா திரும்பி வர ஏலாதோ?" என்றார் உத்தியோகத்தர்.

"ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டினம். பாஸ்போட்டும் அவையளிட்ட."

"அப்ப, பின்னேரத்தில பிள்ளையை வைச்சுப் பாக்கிறதுக்கு ஒரு பொம்பிளை ஆளைக் காட்டுங்கோ. சொந்தமோ அயலோ, ஆர் எண்டாலும் சரி. காட்டினா பிள்ளை உங்களோடயே இருக்கலாம். இல்லாட்டி விடுதியில சேர்க்கவேணும். வாற கிழமை நான் திரும்ப வருவன்."

குசினி வாசலில் நின்று யது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உத்தியோகத்தர் போனபிறகு அவள் சொன்னது ஒன்றுதான்: "நான் நானூறு எண்டு எழுதியிருக்கலாம்."

"நீ பிழை விடேல்ல," என்றார் சிவரூபன்.

ஒரு பெண். திருகோணமலையில் பெண்களுக்கு என்ன பஞ்சம் என்று முதல் நாள் அவர் நினைத்தார். சோபனாவின் தமக்கை கட்டைபறிச்சானில் இருக்கிறார். தன் பிள்ளைகளையே விடுதியில் விட்டுவிட்டு வயலுக்குப் போகிறவர். சிவரூபனின் தாய் தகப்பன் காலமாகிவிட்டார்கள். கூடப்பிறந்தது ஒரு தம்பி, அவர் கட்டாரில். ஜெஸ்மின் அக்கா, "என்ர பேரைக் குடும் தம்பி, நான் வந்து கையெழுத்து வைக்கிறன்" என்றார். உத்தியோகத்தருக்குப் போன் எடுத்துக் கேட்டபோது, "அதே கடைதானே ஐயா" என்று பதில் வந்தது.

கடையில் அந்தக் கிழமை ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. மூலை மேசையில் ஒருவரும் உட்காரவுமில்லை. கைநிறையக் கணக்கு வைத்திருந்த சபை, எதற்கோ பிடிபட்டவர்களைப் போலக் குனிந்து தேத்தண்ணி குடித்தது. ஜவ்பருக்கு வீட்டில் யதுவின் வயதில் மகள் ஒருத்தி இருக்கிறாள்.

"நாம என்ன பாவம் செஞ்ச சிவா?" என்றார் ஜவ்பர். "கணக்குத்தானே சொல்லிக் குடுத்த."

"ஓம்."

"என்ட மகளிட பள்ளியிலயும் கேட்டாங்களாம், ஒங்கட வாப்பாவும் அந்தக் கடையிலயா இரிக்கிற எண்டு."

ஜவ்பர் கிளாசைக் கழுவாமல் வைத்துவிட்டு வாசல் பக்கம் நடந்தார். கப்பல் இன்னும் வந்திருக்கவில்லை.

எஞ்சியது றஞ்சினி. இந்த முறை சிவரூபன் சேட் போட்டுக்கொண்டு போனார். தண்ணீரைப் பற்றி விசாரிக்கவில்லை. றஞ்சினி கதிரை போட்டு, தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார். பெரிய மனிதர்களுக்குரிய கதிரை, இடுப்பில் ஒட்டவில்லை.

"தங்கச்சி, யது பின்னேரத்தில இங்க வந்திருக்கட்டே? உங்கட முறையில எண்டாலும் சரி. மற்ற நாளைக்கு நான் எப்பிடியும்..."

மற்ற நாளைக்கு அவர் எப்படியும் என்ன செய்வார் என்பது அவருக்கே தெரியாததால் வசனம் அங்கேயே நின்றது.

றஞ்சினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார்.

"நான் தனிய எண்டா ஓம் எண்டிடுவன் அண்ணா. விசயம் கேள்விப்பட்டு மற்ற அம்மாமாரிட்டக் கேட்டனான். அவையள் விரும்பினமில்லை."

"நான் அண்டைக்குச் சொன்னதுக்கோ?"

"அதையும் அவையள் மறக்கேல்ல. ஆனா அது இல்லை." தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். "அந்தக் கடையில அவளின்ர காதில என்னென்ன விழுந்துதோ எண்டு கேக்கினம். தங்கட பிள்ளையளுக்கு அதுகளைச் சொல்லிக் குடுப்பாளோ எண்டு."

"அவளுக்கு அங்க விழுந்தது சீமெந்துக் கணக்கு மட்டும்தான்."

"எனக்குத் தெரியும் அண்ணா."

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உத்தியோகத்தருக்குத் தெரிந்தது, றஞ்சினிக்குத் தெரிந்தது. ரீச்சருக்கும் உள்ளூரத் தெரிந்தேயிருக்கும். தெரிந்ததை வைத்து ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சிவரூபன் தேத்தண்ணியை முழுதாகக் குடித்தார், குடிக்காமல் எழும்பினால் கோபம் என்று நினைத்துவிடுவார்கள் என்பதற்காக.

வெள்ளிக்கிழமை சோபனா கதைத்தார். விடுதி நல்ல இடம், சுத்தமான இடம், மதில் உயரம், சாப்பாட்டில் முட்டை உண்டு என்றெல்லாம் சிவரூபன் விபரித்தார். அவர் இன்னும் விடுதியைப் பார்த்திருக்கவில்லை. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"பக்கத்தில இருந்து ஆர் பாக்கிறது?" என்றார் சோபனா கடைசியில்.

"ஒரு மிஸ் இருக்கிறாவாம்."

"நித்திரை கொள்ளமாட்டாவே?"

"மாட்டா."

"அப்ப சரி," என்றார் சோபனா. பிறகு மேடம் கூப்பிடுவதாகச் சொன்னார். அப்படி ஒரு சத்தமும் சிவரூபனுக்குக் கேட்கவில்லை.

விடுதி நகரத்துக்கு வெளியே, கண்டி வீதியிலிருந்து உள்ளே விலகி இருந்தது. யதுவின் சூட்கேஸில் பாரம் ஒன்றும் இல்லை, கைப்பிடியில் தூக்கியிருக்கலாம். பழக்கதோஷத்தில் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முதுகை வளைத்தபடி சிவரூபன் மகளுக்கு முன்னால் நடந்தார். அன்று காலையிலேயே அருளம்பலத்தின் குரல் வந்திருந்தது. அவர் போகவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பின்னேரப் படிப்பு நேரம். நீளமான மண்டபம், நீளமான மேசை. இரண்டு பக்கமும் பிள்ளைகள் குனிந்திருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் மூக்குக்கண்ணாடி போட்ட மிஸ் ஒருவர் நித்திரை கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் கதைக்கவில்லை. சிவரூபன் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"வாங்கோ," என்றார் மிஸ் மெல்லிய குரலில். "அந்த இடத்தில இருக்கட்டும். கதிரைதான் ஒண்டு குறையுது. வெளியில அடுக்கி வைச்சிருக்கினம், ஆரையாவது கொண்டு எடுப்பிக்கிறன்."

"நான் எடுக்கிறன்," என்றார் சிவரூபன்.

விறாந்தை ஓரத்தில் அடுக்கியிருந்தவற்றில் காலாடாத கதிரையாக ஒன்றைத் தேடி எடுத்தார். அதை இரண்டு கையாலும் தூக்கி, நிலத்தில் உரசாமல் கொண்டுபோய், மேசையருகே இடம் விட்டிருந்த பக்கத்தில் வைத்தார். யது உட்கார்ந்தாள்.

"நீங்கள் நிக்கத் தேவையில்லை அப்பா," என்றாள். "இங்க பாக்கிறதுக்கு ஆள் இருக்கினம்."

சிவரூபன் கதிரையின் முதுகைப் பிடித்து, மகளை அந்த மேசையோடு நெருக்கித் தள்ளிவிட்டார். மேசை கொஞ்சம் உயரம். யது கொப்பியை விரித்து முழங்கை ஊன்ற இடம் தேடினாள். பக்கத்துப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் தன் புத்தகங்களை ஒதுக்கிக் கொடுத்தது. அவர் வெளியே வந்து, வாசலில் கிடந்த சின்னச் செருப்புகளுக்கு நடுவே தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டார்.